சிறைக்குள் வேலை, கல்லூரி வழியாக

அமெரிக்காவில் சிறைக்காவலர் ஆவதற்குக் கல்லூரிப் பட்டம் தேவையில்லை. பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி இறுதிச் சான்றிதழ் இருந்து, வயதும் உடல்தகுதியும் சரியாக அமைந்து, பின்னணி விசாரணையில் தேறினால் போதும். கலிஃபோர்னியா மாநிலச் சிறைத்துறையில் நியமனத்தின்போது 21 வயது ஆகியிருக்க வேண்டும்; பிறகு கால்ட் என்ற சிற்றூரில் உள்ள பயிற்சி மையத்தில் 13 வாரம். அந்த 13 வாரமும் சம்பளத்தோடுதான். இடையில் எந்த மேசையிலும் ‘டிகிரி எங்கே’ என்று யாரும் கேட்பதில்லை.

பிறகு எதற்காக நாடு முழுக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில் கிரிமினல் ஜஸ்டிஸ், கரெக்‌ஷன்ஸ் என்று இரண்டாண்டுப் படிப்புகள் நடக்கின்றன? சேர்பவர்களில் சிலருக்கு அது சார்ஜென்ட், லெஃப்டினன்ட் என்று மேலே போகும்போது கைகொடுக்கும் தகுதி. சிலருக்கு நான்காண்டுப் பட்டத்தில் முதல் பாதியைக் குறைந்த செலவில் முடிக்கும் வழி. இன்னும் சிலர் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து, 60 கிரெடிட் முடித்து, சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன என்று கேட்கிறார்கள். இந்த அத்தியாயம் அந்த மூன்றாவது கூட்டத்தில் யாரும் போய்ச் சேரக்கூடாது என்பதற்காக எழுதப்படுகிறது. எந்த நாற்காலியில் உட்காரப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து காலேஜைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் சொல்லப்படும் முறை.

உள்ளே, வெளியே

குற்றவியல் நீதியைப் பாடப்புத்தகங்கள் மூன்றாகப் பிரிக்கும்: போலீஸ், நீதிமன்றம், சிறை மற்றும் சீர்திருத்தப் பணி (கரெக்‌ஷன்ஸ்). டெலிவிஷன் தொடர்களின் புண்ணியத்தில், புதிதாக வரும் மாணவர்களின் கண் பெரும்பாலும் போலீஸ் மீதும் தடயவியல் மீதும்தான் இருக்கும். மூன்றாவது பிரிவை ஆசைப்பட்டு எடுப்பவர்கள் குறைவு. ஆனால் ஆள் பற்றாக்குறை தீராமல் இருப்பது அங்கேதான்.

அந்த மூன்றாவது பிரிவுக்குள்ளும் பல வீடுகள் உண்டு. கவுன்டி ஜெயில் என்பது ஷெரிஃப் பொறுப்பில் இருப்பது. விசாரணைக்குக் காத்திருப்பவர்களும், பொதுவாக ஓராண்டுக்குட்பட்ட தண்டனை பெற்றவர்களும் அங்கே இருப்பார்கள். அதைவிட நீண்ட தண்டனை என்றால் மாநிலச் சிறை. மத்திய அரசுச் சட்டங்களை மீறியவர்களுக்கு மத்தியச் சிறை. சிறைக்கு அனுப்பாமலே நீதிமன்றம் நிபந்தனைகளோடு வெளியே விட்டுக் கண்காணித்தால் அது புரொபேஷன். தண்டனையில் ஒரு பகுதியை உள்ளே கழித்தபின் மீதியை வெளியே கண்காணிப்பில் கழிக்க விட்டால் அது பரோல். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் வரும், வீட்டுக் கல்யாணத்துக்காகச் சில நாள் வெளியே வந்து திரும்பும் பரோல் இதுவல்ல.

2022 கணக்குப்படி மாநில, மத்தியச் சிறைகளில் சுமார் 12 லட்சம் பேரும், உள்ளூர் ஜெயில்களில் சுமார் 6.5 லட்சம் பேரும் இருந்தார்கள். புரொபேஷன், பரோல் இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 37 லட்சம் பேர். அதாவது, பூட்டுக்கு உள்ளே இருப்பவர்களைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆட்கள் பூட்டுக்கு வெளியே கண்காணிப்பில் இருக்கிறார்கள். கரெக்‌ஷன்ஸ் என்றாலே கம்பிக்கதவும் சாவிக்கொத்தும் என்று நினைத்து வருபவர் முதல் செமஸ்டரிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது.

வெளியே நடக்கும் இந்த வேலையைத் தொடங்கி வைத்தவர் ஒரு செருப்புத் தொழிலாளி. பாஸ்டன் நகரில் பூட்ஸ் தைத்துக்கொண்டிருந்த ஜான் அகஸ்டஸ், 1841-ல் போலீஸ் கோர்ட்டில் நின்ற ஒரு குடிகாரருக்குத் தானே ஜாமீன் கொடுத்து அழைத்துப் போனார். 3 வாரம் கழித்து அந்த ஆள் குடிக்காமல், அடையாளம் தெரியாதபடி மாறி வந்து நின்றதைப் பார்த்த நீதிபதி, ஒரே ஒரு சென்ட்டும் கோர்ட் செலவும்தான் அபராதமாக விதித்தார். அகஸ்டஸ் சாகும் வரையில் ஏறக்குறைய 2,000 பேருக்கு இப்படிப் பொறுப்பேற்றார், ஒரு காசு சம்பளம் இல்லாமல். மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சட்டமாக்கியது 1878-ல்.

இப்போது நாற்காலிக்கு வருவோம். ஜெயில் காவலர், மாநிலச் சிறைக் காவலர் வேலைகளுக்குப் பள்ளிப் படிப்பு போதும். புரொபேஷன் அதிகாரி, சிறைக்குள் இருக்கும் ஆலோசகர், வழக்கு மேலாளர் ஆகிய வேலைகளுக்குப் பொதுவாக நான்காண்டு பட்டம் கேட்பார்கள். மத்தியச் சிறைத்துறையின் காவலர் வேலைக்கு, தொடக்க நிலையிலேயே, நான்காண்டு பட்டமோ 3 ஆண்டு பொருத்தமான வேலை அனுபவமோ வேண்டும். படிப்பில் பாதியும் அனுபவத்தில் பாதியும் சேர்த்துக் காட்டவும் வழி உண்டு. அங்கே பொது விதிப்படி 37-வது பிறந்தநாளுக்கு முன்பே நியமனம் ஆகிவிட வேண்டும். வேறு தொழில் செய்து அலுத்து, நடுவயதில் இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் இந்த விதியைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது வழக்கம்.

ஆக, இரண்டாண்டுப் பட்டத்தைக் கட்டாயம் என்று கேட்கும் நாற்காலி இந்த வரிசையில் ஏறத்தாழ எதுவுமே இல்லை. ஒன்று அதற்குக் கீழே நிற்கிறது, அல்லது அதற்கு மேலே. இதை விளம்பரப் பலகையில் எந்தக் காலேஜும் எழுதாது.

ஒரே பாடம், இரண்டு பட்டம்

அமெரிக்காவில் இன்றும் நடந்துகொண்டிருக்கும் மிகப் பழைய பொதுக் கம்யூனிட்டி காலேஜ், இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-ல் தொடங்கியது. அதே ஊரில் 1858-லிருந்து 2002 வரை ஒரு பெரிய மாநிலச் சிறையும் இருந்தது தற்செயல்தான். அன்றிலிருந்து இன்றுவரை கம்யூனிட்டி காலேஜுக்கு இரண்டு முகம்: பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டைச் சொல்லிக்கொடுப்பது, நேராக வேலைக்கு அனுப்புவது. கிரிமினல் ஜஸ்டிஸ் துறையில் இந்த இரண்டு முகமும் ஒரே வராந்தாவில், ஒரே ஆசிரியர்களோடு, ஒரே பாடப்புத்தகத்தோடு இருப்பதால் மாணவர் குழம்பிப் போவதில் வியப்பில்லை.

ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். என்று முடியும் பட்டம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவதற்கானது. ஆங்கிலக் கட்டுரை, புள்ளியியல், உளவியல், சமூகவியல், அறிவியல் ஆகிய பொதுப்பாடங்கள் அதில் நிறைய இருக்கும். ஏ.ஏ.எஸ். என்பது தொழில்முறைப் பட்டம். சிறை நடைமுறை, தற்காப்பு, அறிக்கை எழுதுதல் என்று கைவேலை அதிகம், பொதுப்பாடம் குறைவு. ஏ.ஏ.எஸ். முடித்துவிட்டுப் புரொபேஷன் அதிகாரி ஆகலாம் என்று பல்கலைக்கழக வாசலுக்குப் போனால், படித்ததில் பாதிக்கு மேல் ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிடக்கூடும்.

மிகைப்படுத்திச் சொல்வதல்ல இது. கல்லூரி மாறும் மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழக்கிறார்கள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017-ல் மதிப்பிட்டது. கம்யூனிட்டி காலேஜில் நுழைபவர்களில் 6 ஆண்டுக்குள் நான்காண்டுப் பட்டம் வாங்குபவர்கள் சுமார் 16 சதவீதம்தான் என்பதும் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. படிப்பை நடுவில் விட வைப்பது பாடத்தின் கடினம் மட்டுமல்ல. இரவு ஷிஃப்ட், குழந்தை, பழுதான கார், மறுபடி எடுக்கச் சொன்ன மூன்று பாடம் என எல்லாம் சேர்ந்தே விட வைக்கின்றன.

இதைச் சரிசெய்யச் சில மாநிலங்கள் பாலம் கட்டியிருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2010-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, ‘அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ்’ பாடத்தில் மாற்றத்துக்கென்றே வடிவமைத்த இரண்டாண்டுப் பட்டம் பெற்றவருக்குக் கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி; எந்த வளாகத்தில் என்பது மட்டும் உறுதியில்லை. நியூயார்க் நகரில் கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி ஜான் ஜே கல்லூரியில் முடிப்பதற்கு ‘ஜஸ்டிஸ் அகாடமி’ என்ற ஏற்பாடு இருக்கிறது. குற்றவியல் நீதிப் படிப்புக்கு ஜான் ஜேயின் பெயர் நாடு முழுக்க அறியப்பட்டது என்பதால், நியூயார்க்கில் குடியிருப்பவர் வேறெங்கும் தேடி அலைய வேண்டியதில்லை.

சேரும் முன்பே செய்ய வேண்டியது ஒன்றுதான். கடைசியில் போக விரும்பும் பல்கலைக்கழகத்தின் மாற்ற அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, ‘இந்தக் காலேஜின் இந்தப் பாடத்தை, பொது விருப்பப் பாடமாக அல்லாமல், மேஜருக்கான பாடமாகவே ஏற்பீர்களா’ என்று எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது. விருப்பப் பாடமாக ஏற்கிறோம் என்ற பதில் பாதி இழப்புக்குச் சமம். அதைப் புன்னகையோடு சொல்வார்கள் என்பதால் பலர் கவனிப்பதில்லை.

70,000 டாலர் பாடம்

பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லாக் கிரிமினல் ஜஸ்டிஸ் பட்டமும் ஒன்றல்ல என்பதற்கு வெஸ்ட்வுட் காலேஜ் நல்ல உதாரணம். இது கம்யூனிட்டி காலேஜ் அல்ல, லாபத்துக்காக நடந்த தனியார் நிறுவனம். சிகாகோ பகுதியில் இதன் கிளைகளில் சேர்ந்தவர்களிடம், படித்து முடித்தால் போலீஸ் வேலைக்குப் போகலாம் என்று சொல்லப்பட்டது. அதன் அங்கீகாரமோ வட்டார அங்கீகார அமைப்பிடமிருந்து பெற்றதல்ல. அதனால் அந்தப் பகுதியின் முக்கியமான போலீஸ் துறைகள் அந்தப் படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. படிப்பு முடிய ஆன செலவு 70,000 டாலருக்கு மேல். பக்கத்திலேயே இருந்த பொதுக் கம்யூனிட்டி காலேஜில் அதே துறையைப் படிக்க அதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இல்லினாய் மாநில அட்டர்னி ஜெனரல் 2012-ல் வழக்குப் போட்டார். 2015-ல் 1.5 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்வதாக உடன்பாடு ஏற்பட்டது. அடுத்த ஆண்டே நிறுவனம் மூடப்பட்டது. 2022-ல் மத்தியக் கல்வித்துறை, அங்கே படித்த 79,000 பேரின் 150 கோடி டாலர் கல்விக் கடனை ரத்து செய்தது. கடன் ரத்தானது சரி. அங்கே செலவான ஆண்டுகளை யாராலும் ரத்து செய்ய முடியவில்லை.

எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கலிஃபோர்னியாவின் பொதுக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் உதவும். மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 2012-லிருந்து இது ஏறவில்லை. 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். புத்தகமும் பெட்ரோலும் தனி. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அந்த 46 டாலரையும் தள்ளுபடி செய்ய மாநிலத் திட்டம் உண்டு. வெளிமாநிலத்தவருக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் கட்டணம் இதைப்போலப் பல மடங்கு.

வகுப்பில் நடப்பது

நல்ல கரெக்‌ஷன்ஸ் வகுப்பு எப்படி இருக்கும் என்பதை ஒரு வழக்கைக் கொண்டு சொல்லலாம். 1973 நவம்பரில் டெக்சஸ் மாநிலச் சிறையில் லாரியிலிருந்து பருத்திப் பொதி இறக்கிக்கொண்டிருந்த கேம்பிள் என்ற கைதி மீது ஒரு பொதி விழுந்தது. முதுகு வலி. சிறை மருத்துவர்களைப் பார்த்தார், மாத்திரை வாங்கினார், வேலைக்குப் போக மறுத்ததற்காகத் தனியறையில் அடைக்கப்பட்டார். தானே கையால் எழுதி வழக்குப் போட்டார். 1976-ல் உச்ச நீதிமன்றம், கைதியின் கடுமையான மருத்துவத் தேவையைத் தெரிந்தே அலட்சியம் செய்வது கொடூரமான தண்டனைக்குச் சமம் என்று தீர்ப்பளித்தது. வேடிக்கை என்னவென்றால், கேம்பிள் மருத்துவருக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் அவருக்கு வெற்றி கிடைக்கவில்லை. 3 மாதத்தில் 17 முறை மருத்துவர்கள் அவரைப் பார்த்திருந்தார்கள். அதை அலட்சியம் என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் அவர் பெயரில் பிறந்த விதிதான் இன்றும் ஒவ்வொரு சிறைக் காவலரையும் கட்டுகிறது.

நள்ளிரவு 2 மணிக்கு ஒரு கைதி நெஞ்சு வலிக்கிறது என்கிறார். போன வாரமும் இதே கைதி இதையே சொல்லி, ஒன்றுமில்லை என்று ஆனது. என்ன செய்வது? வகுப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்வி இப்படித்தான் இருக்கும். வழக்கின் பெயரை மனப்பாடம் செய்தவர் பரீட்சையில் தேறுவார். செவிலியரை அழைத்துவிட்டு, அழைத்த நேரத்தை எழுதி வைக்க வேண்டும் என்று புரிந்துகொண்டவர் வேலையில் தேறுவார்.

இன்னொரு வழக்கு கலிஃபோர்னியாவுடையது. சுமார் 80,000 பேருக்குக் கட்டப்பட்ட மாநிலச் சிறைகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்களை அடைத்திருந்தார்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் மூன்றடுக்குக் கட்டில்கள். 2011 மே மாதம் பிரவுன் எதிர் பிளாட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம், கொள்ளளவில் 137.5 சதவீதத்துக்குள் எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும் என்ற உத்தரவை உறுதி செய்தது. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து, வன்முறையற்ற பல குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்களை மாநிலச் சிறைக்குப் பதில் கவுன்டி ஜெயிலில் வைக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சில மாதம் தங்குபவர்களுக்காகக் கட்டிய ஜெயில்களில் ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள் வந்து சேர்ந்தார்கள். கவுன்டி புரொபேஷன் அலுவலகங்களின் பொறுப்பும் பெருகியது. வேலை தேடும் மாணவருக்கு இது வரலாற்றுப் பாடம் மட்டுமல்ல. மாநிலத்துக்கு விண்ணப்பிப்பதா, கவுன்டிக்கா என்ற கேள்விக்கு நேரடித் தொடர்பு உடையது.

சட்டத்தைவிட அதிகம் பயன்படும் பாடம் ஒன்று உண்டு. அதன் பெயரைக் கேட்டாலே தூக்கம் வரும்: அறிக்கை எழுதுதல். ‘கைதி கோபமாக இருந்தார், ஒத்துழைக்கவில்லை’ என்று புதியவர் எழுதுவார். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, கோபத்தை எங்கே பார்த்தாய் என்று கேட்பார். திருத்திய வடிவம் இப்படி வரும்: ‘மாலை 6.42. கைதி சாப்பாட்டுத் தட்டை வலது கையால் மேசையில் இரண்டு முறை அடித்தார். அறைக்குத் திரும்பச் சொன்னேன். வரமாட்டேன் என்றார். மறுபடி சொன்னேன். பதில் சொல்லவில்லை.’ இரண்டு ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகக் கேட்பார். அப்போது முதல் வகை வாக்கியம் எழுதியவர் நிற்க முடியாது. பல காலேஜ்களில் இந்தப் பாடத்துக்கு முன் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தேற வேண்டும் என்பது வீண் கெடுபிடி அல்ல.

அடுத்தது எண்ணிக்கை. சிறை வாழ்க்கையே எண்ணிக்கையைச் சுற்றித்தான் ஓடுகிறது. மத்தியச் சிறைகளில் தினமும் மாலை 4 மணிக்கு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். கணக்குச் சரியாகும்வரை ஒன்றும் அசையாது. இரவில் எழுப்ப முடியாது. அப்போது காவலர் தோலைப் பார்க்க வேண்டும், மூச்சு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எந்த ஆசிரியரும் அல்காட்ராஸ் சிறையைச் சொல்லாமல் விடமாட்டார். 1962 ஜூனில் அங்கிருந்து தப்பிய மூன்று பேர் சோப்பு, கழிவறைக் காகிதம், சிமென்ட் தூள் போன்றவற்றால் தலை பொம்மைகள் செய்து, முடி திருத்தும் இடத்திலிருந்து எடுத்த நிஜ முடியை ஒட்டி, போர்வைக்குள் வைத்துவிட்டுப் போனார்கள். இரவு முழுக்கக் காவலர்கள் பொம்மைகளை எண்ணினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2015 ஜூனில், நியூயார்க் மாநிலத்தின் டான்னமோரா சிறையில் இரண்டு பேர் துணியைச் சுருட்டிப் படுக்கையில் வைத்துவிட்டு வெளியேறினார்கள். இரவு எண்ணிக்கையை ஒழுங்காக எடுத்திருந்தால் அவர்களின் பல மாத வேலை முன்பே பிடிபட்டிருக்கும் என்று மாநில இன்ஸ்பெக்டர் ஜெனரல் 2016 அறிக்கையில் எழுதினார்.

டான்னமோரா கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ரம்பத் தகடுகளை உறைந்த இறைச்சிக்குள் மறைத்து உள்ளே அனுப்பியவர் சிறைத் தையற்கூடத்தில் வேலை பார்த்த ஊழியர். எடுத்தவுடன் ரம்பம் கேட்டுவிடவில்லை அந்த இரண்டு கைதிகள். வீட்டில் செய்த தின்பண்டம், சின்னச் சின்ன உதவி, பரிசாக ஒரு ஓவியம் என்று மெல்ல மெல்ல நகர்ந்தது. காவலரை வளைப்பது எப்படிப் படிப்படியாக நடக்கிறது என்பதைச் சொல்லும் வகுப்பு எந்தக் காலேஜில் இருக்கிறதோ, அந்தக் காலேஜுக்கு இங்கே கூடுதல் மதிப்பெண் தரலாம். புதிய காவலர்கள் வேலை இழப்பது அடிதடியால் மட்டுமல்ல, இப்படி வளைந்து போவதாலும்தான்.

யார் பாடம் நடத்துகிறார்கள்?

இந்தத் துறைக்கே ஒரு பழைய கெட்ட பெயர் உண்டு. பெர்க்லி நகரப் போலீஸ் தலைவராக இருந்த ஆகஸ்ட் வோல்மர், காவலர்கள் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று முதலில் வற்புறுத்தியவர்களில் ஒருவர். 1930-ல் சான் ஹொசேயில் போலீஸ் படிப்பு தொடங்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. பெருவெள்ளம் வந்தது 1968-க்குப் பிறகு. அந்த ஆண்டின் குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், காவலர்கள் படிக்க மத்திய அரசுப் பணத்தைத் திறந்துவிட்டது. இரண்டாண்டுக் காலேஜ்கள் போட்டி போட்டுக்கொண்டு படிப்புகளைத் தொடங்கின. 1978-ல் லாரன்ஸ் ஷெர்மன் எழுதிய குழு அறிக்கை, இவற்றில் பல கல்வி என்ற பெயரில் பயிற்சி வகுப்பை நடத்துகின்றன, ஓய்வுபெற்ற காவலர்கள் தங்கள் அனுபவக் கதைகளைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று கடுமையாக விமர்சித்தது.

அனுபவக் கதை வேண்டாம் என்பதல்ல. 20 ஆண்டு ஜெயிலில் இருந்த சார்ஜென்ட்டிடம் கற்றுக்கொள்ள வேண்டியது புத்தகத்தில் கிடைக்காது. ஆனால் துறையில் எல்லோரும் சார்ஜென்ட்டாகவே இருந்தால் அது நல்லதல்ல. ஆசிரியர் பட்டியலில் ஒரு குற்றவியல் ஆய்வாளராவது, ஒரு வழக்கறிஞராவது, புரொபேஷன் வேலை பார்த்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று பார்க்கலாம். சிறையில் இருந்து வெளியே வந்தவர்களை விருந்தினராக அழைத்துப் பேச வைக்கும் துறை என்றால் இன்னும் நல்லது.

அதற்கும் மேலே போகும் ஏற்பாடும் உண்டு. டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 1997-ல் தொடங்கிய ‘இன்சைட்-அவுட்’ என்ற முறையில், வெளியே இருந்து வரும் மாணவர்களும் சிறைக்குள் இருப்பவர்களும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து ஒரு செமஸ்டர் முழுக்க ஒரே பாடத்தைப் படிக்கிறார்கள். கைதிகள் கல்லூரிப் படிப்புக்குப் பெல் உதவித்தொகை பெறுவதை 1994-ல் தடை செய்த மத்திய அரசு, 2023 ஜூலை 1 முதல் மறுபடி அனுமதித்திருக்கிறது. அதனால் சிறைக்குள் போய்ப் பாடம் நடத்தும் கம்யூனிட்டி காலேஜ்கள் கூடுகின்றன. சிறையில் கல்வி பெற்றவர்கள் மறுபடி சிறைக்கு வரும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவு என்று ராண்ட் நிறுவனத்தின் 2013 ஆய்வு சொன்னது. இத்தகைய காலேஜில் படிப்பவர், நாளை தன் பாதுகாப்பில் இருக்கப்போகும் ஒருவரோடு ஒரே பட்டத்துக்குப் படிக்கிறார். பல பெற்றோர்களுக்கு இது சங்கடமாக இருக்கும். வேலைக்கு வந்தபின் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது மேல்.

வேலை கிடைத்தபின் எப்படி இருக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆள் பற்றாக்குறை என்றால் வேலை எளிதில் கிடைக்கும். கிடைத்தபின் ஓவர்டைம் கட்டாயமாகும். 2025 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலச் சிறைக் காவலர்கள் தங்கள் சங்கத்தின் அனுமதி இல்லாமலே வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்குக் கட்டாய ஓவர்டைமும் பாதுகாப்பும் முக்கியக் காரணங்கள். நேஷனல் கார்டு படையினரைச் சிறைக்குள் அனுப்பிச் சமாளித்தார்கள். திரும்பாத சுமார் 2,000 பேர் வேலை இழந்தார்கள்.

சேருமுன் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைச் சிறைக் காவலர்களைச் சீருடைப் பணியாளர் தேர்வாணையம் எடுக்கிறது. எடுத்தபின் துறை பயிற்சி கொடுக்கிறது. அமெரிக்காவில் சில மாநிலங்களில் இது தலைகீழாகவும் நடக்கும். ஃபுளோரிடாவில், வேலைக்கு எடுக்கும் துறை செலவை ஏற்காவிட்டால், மாணவர் தன் காசில் மாநிலக் கல்லூரியின் சிறைக்காவலர் பயிற்சி அகாடமியில் சேர்ந்து, மாநிலத் தேர்வு எழுதி, பிறகு வேலை தேடலாம். அதனால் முதலில் உள்ளூர் ஷெரிஃப் அலுவலகத்தின் ஆளெடுப்புப் பிரிவை அழைத்து, பயிற்சிச் செலவை யார் ஏற்பார்கள், அகாடமி நேரத்துக்குக் காலேஜ் கிரெடிட் கிடைக்குமா என்று கேட்பது நல்லது. அகாடமி முடித்தவருக்கு ஏ.ஏ.எஸ். பட்டத்தில் பல கிரெடிட்டைக் கழித்துக் கொடுக்கும் காலேஜ்கள் உண்டு. அந்த இடத்தில் வரிசை மாறுகிறது: முதலில் வேலை, பிறகு சம்பளத்தோடு படிப்பு.

வெளிநாட்டு மாணவர் விசாவில் வருபவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். எஃப்-1 விசாவில் கம்யூனிட்டி காலேஜில் படிக்கலாம், முடித்தபின் துறை சார்ந்த வேலையில் 12 மாதம் வரை பயிற்சி அனுமதியும் கேட்கலாம். ஆனால் மத்தியச் சிறைத்துறைக்குக் குடியுரிமை வேண்டும். மாநிலங்களின் விதி பலவிதம். கலிஃபோர்னியா 2023 முதல் அமைதிக் காவல் அதிகாரிகளுக்குக் குடியுரிமையைக் கட்டாயமாக்கவில்லை, சட்டப்படி வேலை செய்யும் உரிமை இருந்தால் போதும் என்கிறது. ஓராண்டு அனுமதி உள்ளவரைப் பயிற்சி கொடுத்து எடுக்க எந்தத் துறையும் முன்வருவது அரிது. அவர்களுக்குப் பொருந்துவது சிறையிலிருந்து வெளியே வருபவர்களுக்கு வீடும் வேலையும் தேடித்தரும் தொண்டு நிறுவனங்கள், பாதிக்கப்பட்டோர் உதவி மையங்கள், ஆய்வு ஆகியவை. இந்தத் துறையைக் கம்ப்யூட்டர் சயின்ஸ்போல அமெரிக்காவில் தங்கும் வழியாக நினைத்து எடுத்தால் ஏமாற்றம்தான்.

பின்னணி விசாரணை எல்லோருக்கும் பொது. பெருங்குற்றத் தண்டனை இருந்தால் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் அனுமதிக்காது. 1996-லிருந்து குடும்ப வன்முறையில் சிறு குற்றத் தண்டனை பெற்றவருக்கும் அதே கதி. துப்பாக்கி தேவைப்படும் வேலைகள் அத்தோடு மூடிவிடும். கஞ்சா மாநிலத்தில் சட்டப்படி கிடைத்தாலும் மத்தியச் சிறை வேலைக்கு அது குற்றம்தான். கட்டாத கடன், பழைய முதலாளியோடு சண்டை, சமூக ஊடகப் பதிவு எல்லாம் பார்ப்பார்கள். தவறு செய்திருப்பதைவிட, படிவத்தில் அதை மறைத்திருப்பதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. முதல் செமஸ்டரிலேயே ஏதாவது ஒரு துறையின் பின்னணிப் படிவத்தைப் பதிவிறக்கி, வீட்டில் உட்கார்ந்து ஒரு முறை நிரப்பிப் பார்க்கலாம். 10 ஆண்டு விலாசங்களையும் எல்லா முதலாளிகளின் தொலைபேசி எண்களையும் தேடிப்பிடிக்கவே பல வாரம் ஆகும்.

எழுத்துத் தேர்வு, உடற்தேர்வு, மனநலத் தேர்வு, சில இடங்களில் பொய் கண்டறியும் சோதனை என்று ஆளெடுப்பு பல மாதம் இழுக்கும். மே மாதம் பட்டம் வாங்குபவர் அதற்கு முந்தைய செப்டம்பரில், மூன்றாவது செமஸ்டர் தொடங்கும்போதே, விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். மாநிலச் சிறைக்கும் பக்கத்துக் கவுன்டிக்கும் ஒரே நேரத்தில் போடுவதில் தடையில்லை. ஒன்றில் போட்டதை மற்றதன் படிவத்தில் எழுதினால் போதும்.